வீடற்றோருக்கும் மனநலத்துக்கும் அரசு ஒதுக்கும் பணம்: கணக்கைக் கேட்டுப் பெறுவது எப்படி?

பேருந்து நிலையத்தின் ஓரத்தில், தன் பெயரைக்கூடச் சொல்ல இயலாத நிலையில் படுத்திருக்கும் ஒருவருக்காகத் தமிழ்நாட்டில் குறைந்தது நான்கு துறைகள் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. அவரை மீட்டு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியது காவல் துறை. சிகிச்சை அளிக்க வேண்டியது மக்கள் நல்வாழ்வுத் துறை. இரவில் தங்க இடம் தர வேண்டியது மாநகராட்சியோ நகராட்சியோ. குணமான பிறகும் வீடு திரும்ப வழியில்லாதவரை வைத்துப் பராமரிக்கும் இல்லங்களுக்கு மானியம் தருவது மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. நான்கு துறைகளுக்கும் நான்கு மானியக் கோரிக்கைகள் (ஒவ்வொரு துறையின் செலவுக்கும் சட்டமன்றத்தின் ஒப்புதலைக் கேட்பவை), நான்கு கணக்குத் தலைப்புகள், நான்கு வகைத் தணிக்கைகள். எனவே, “வீடற்ற மனநலம் பாதிக்கப்பட்டோருக்கு இந்த ஆண்டு எவ்வளவு செலவானது?” என்று எந்த அலுவலகத்தில் கேட்டாலும், பக்கத்து அலுவலகத்தைக் கை காட்டுவார்கள். அவர்கள் சொல்வது பொய்யுமில்லை. அந்த ஒற்றைத் தொகை எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதே உண்மை.

ஆகையால், இந்தக் கணக்கைத் தேடுகிறவர் மாநில அளவிலான மொத்தத் தொகையிலிருந்து தொடங்குவது பயன் தராது என்பது என் கருத்து. ஒரே ஒரு காப்பகத்தையோ, ஒரு மாவட்டத்தின் மனநலத் திட்டத்தையோ எடுத்துக்கொண்டு, அங்கே வந்து சேர்ந்த பணம் எந்த வழியாக வந்தது என்று பின்னோக்கிப் போவதே பலன் தரும். அந்த வழியில் என்னென்ன ஆவணங்களை, யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கேட்பதற்கு முன் கையில் இருக்க வேண்டிய சட்டம்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதற்கு அடிப்படையானது. அதன் 18(7)-ஆம் பிரிவு, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், ஆதரவற்றவர்களுக்கும், வீடற்றவர்களுக்கும் மனநலச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும் என்கிறது. வறுமைக் கோட்டு அட்டை கையில் இல்லையென்றாலும் அந்த உரிமை உண்டு. அதே பிரிவின் பதினோராவது உட்பிரிவு, இதற்குப் போதுமான நிதி ஒதுக்கீடு செய்வதை அரசின் கடமையாக்குகிறது. 19-ஆம் பிரிவு, குடும்பம் கைவிட்டதாலோ வீடு இல்லாததாலோ ஒருவரை மனநல நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்றும், சமுதாயத்தில் வாழ்வதற்கான இடைநிலை இல்லங்களை அரசு ஏற்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. 100-ஆம் பிரிவு காவல் துறைக்கானது: தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் சுற்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிறுவனத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும், அவர் வீடற்றவரானால், காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இந்தப் பிரிவுகள் ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடக் கூடாது என்பதை விளக்கத் தேவையில்லை.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றம் 2010-இல் பிறப்பித்த ஆணைகளைத் தொடர்ந்து, ஒரு லட்சம் நகர மக்களுக்கு ஒரு காப்பகம் என்ற அளவுகோல் நிலைபெற்றது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கி, ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம், நாள் முழுவதும் திறந்திருக்கும் கட்டடம், மேலாளர், முறை மாற்றிப் பணிபுரியும் பராமரிப்பாளர்கள், காப்பக மேலாண்மைக் குழு என்றெல்லாம் வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. இந்த இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பருடன் முடிந்துவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிந்தைய ஒவ்வொரு மாதத்துக்கும், “காப்பகத்தின் செலவு எந்த நிதியிலிருந்து ஏற்கப்படுகிறது?” என்ற கேள்வியைத் தனியாகக் கேட்டாக வேண்டும்.

ஏற்கெனவே வெளியில் இருப்பதை முதலில் படியுங்கள்

விண்ணப்பம் எழுதும் முன் இணையத்தில் கிடைக்கும் மூன்று வகை ஆவணங்களைப் பார்த்துவிடுவது நல்லது. இதைச் செய்யாதவர்களின் விண்ணப்பங்களுக்கு, “தகவல் இணையதளத்தில் உள்ளது” என்ற ஒற்றை வரிப் பதில் வந்து ஒரு மாதம் வீணாகிறது.

முதலாவது, மாநில வரவு-செலவுத் திட்டப் புத்தகங்கள். மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மானியக் கோரிக்கை எண் 19. நகராட்சி நிர்வாகத்துக்கு எண் 34. இவற்றுக்குள் 2210 என்று தொடங்கும் தலைப்பு மருத்துவம், பொதுச் சுகாதாரம். 2217 நகர்ப்புற வளர்ச்சி. 2235 சமூகப் பாதுகாப்பு, நலம். ஒவ்வொரு வரியிலும் வரவு-செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, முடிந்த ஆண்டின் கணக்கு ஆகிய மூன்று வகைத் தொகைகள் இருக்கும். செய்தித்தாளில் வருவது முதலாவது. நாம் பார்க்க வேண்டியது மூன்றாவது. இந்த இடைவெளி எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு ஒன்றிய அரசின் கணக்கிலேயே சான்று உண்டு: 2019-20-இல் தேசிய மனநலத் திட்டத்துக்கு முதலில் ரூ.40 கோடி ஒதுக்கப்பட்டது. திருத்த மதிப்பீட்டில் அது ரூ.5 கோடியாகச் சுருங்கியது. ஒதுக்கீட்டைப் பாராட்டி எழுதியவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்கள்?

ஆனால் அந்தத் தொகையை வைத்து, மனநலத்துக்கான மொத்தச் செலவே அவ்வளவுதான் என்று முடிவு கட்டுவதும் பிழை. மாவட்ட மனநலத் திட்டத்துக்கான பணம் அந்த வரியில் வருவதில்லை. அது தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வழியாக, தொற்றா நோய்களுக்கான தொகுப்பு நிதிக்குள் கலந்து வருகிறது. ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ரூ.83.2 லட்சம் வரை என்பது இத்திட்டத்தின் உச்ச வரம்பு. இரண்டாவது ஆவணத்தின் பயன் இங்கேதான். மாநிலம் கேட்ட தொகையையும் ஒன்றிய அரசு ஒப்புக்கொண்ட தொகையையும் வரிவரியாகக் காட்டும் ஒப்புதல் பதிவேடு, தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் இணையதளத்தில் மாநில வாரியாக வெளியிடப்படுகிறது. அதில் மனநலத் திட்டத்தின் கீழ் வரும் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் எண் ஒன்று இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மாவட்டத்துக்குப் போனால், உங்களுக்கும் கணக்கருக்கும் பேசுவதற்கு ஒரு பொது அடையாளம் கிடைத்துவிடும். தெருவில் மீட்கப்படும் மனநலம் பாதிக்கப்பட்டோருக்காக 2018 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களின் நிதியையும் இந்த வழியில்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது இவை வெளியாகும். இவற்றில் சாதனைப் பட்டியல் நீளமாகவும் செலவு விவரம் மெலிதாகவும் இருக்கும் என்றாலும், எத்தனை மையங்கள், எத்தனை பயனாளிகள் என்று அரசே சொன்ன எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்க வேறு எளிய இடமில்லை. சென்னை போன்ற மாநகராட்சிகள் தனியே நிதிநிலை அறிக்கை வெளியிடுகின்றன. காப்பகங்களுக்கான தொகை அதில் சில வேளைகளில் ‘நலத் திட்டங்கள்’ என்ற பெருந்தலைப்புக்குள் புதைந்திருக்கும்.

ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் பகுதியிலுள்ள காப்பகத்தை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். சென்னையில் ஆண்கள், பெண்கள், சிறுவர்கள், முதியோர், உளவியல் ஆதரவு தேவைப்படுவோர், அரசு மருத்துவமனை நோயாளிகளின் உடனிருப்போர் எனக் காப்பகங்கள் வகை பிரிக்கப்பட்டிருக்கின்றன. கட்டடம் மாநகராட்சியுடையது, நடத்துவது தொண்டு நிறுவனம் என்பதே வழக்கமான ஏற்பாடு. பெயர்ப் பலகையில் நிறுவனத்தின் பெயர், கொள்ளளவு, புகார் எண் இருக்கிறதா என்று பாருங்கள். மேலாளரிடம் நோக்கத்தைச் சொல்லி, அனுமதி பெற்று உள்ளே செல்லுங்கள். கழிப்பறைகள் எத்தனை, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவுப் பணியாளர் எத்தனை பேர், மருந்துகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்பவற்றைப் பார்த்தாலே போதும். தங்கியிருப்பவர்களைப் படம் எடுக்காதீர்கள், “எப்படி இங்கே வந்தீர்கள்?” என்று துருவாதீர்கள். கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு; அவர்களுடைய கதையைக் கேட்கும் உரிமை அதனால் வந்துவிடாது. ஒருவரின் மனநலம் குறித்த தகவலை இரகசியமாகக் காக்க வேண்டும் என்பதும் அதே 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவுதான்.

வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லி மேலாளரிடம் வாதாட வேண்டாம். மாதச் சம்பளத்தில் இருக்கும் அவர் பெரும்பாலும் இந்தச் சங்கிலியில் மிகக் குறைந்த ஊதியம் வாங்குபவர். பதிவேட்டைக் காட்டும் அதிகாரமும் அவரிடம் இருக்காது. அதை விண்ணப்பத்தின் மூலம் கேட்கலாம்.

விண்ணப்பம் எழுதும் முறை

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6(1)-ஆம் பிரிவின்கீழ், மாநில அரசு அலுவலகங்களுக்கான விண்ணப்பத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அனுப்பலாம். மாநில அரசின் இணையவழிச் சேவையும் இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்று இணைத்தால் கட்டணமில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, சொல்லாமலிருப்பதே நல்லது. அஞ்சலில் அனுப்பினால், சேர்ப்பித்ததற்கான சான்றைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் நாள் கணக்குப் பார்க்க அதுதான் ஆதாரம்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். காப்பகம் என்றால் மாநகராட்சியின் அல்லது நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலர். மாவட்ட மனநலத் திட்டம் என்றால் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் பொதுத் தகவல் அலுவலர். மருத்துவப் பணியிடங்கள் குறித்தவற்றுக்கு மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். மறுவாழ்வு இல்லங்களுக்கான மானியம் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும், ஐந்து நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3)-ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தாலும் ஒரே விண்ணப்பத்தில் நான்கு துறைகளின் தகவலைக் கேட்காதீர்கள். அது நான்காகப் பிரிந்து அலைந்து, எங்கோ ஒரு மேசையில் தங்கிவிடும்.

கேள்வியின் வடிவம் முக்கியமானது. “ஏன் போதிய நிதி ஒதுக்கவில்லை?”, “பணம் ஒழுங்காகச் செலவிடப்படுகிறதா?” போன்றவை இச்சட்டத்தில் கேள்விகளே அல்ல, அலுவலரிடம் இருக்கும் பதிவுகளைத்தான் கேட்க முடியும், அவருடைய கருத்தையோ விளக்கத்தையோ கேட்க முடியாது. எனவே ஒவ்வொரு கேள்வியும் ஏதேனும் ஓர் ஆவணத்தின் பெயரில் முடியட்டும். ஒரு காப்பகத்துக்கான விண்ணப்பத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

“தங்கள் மாநகராட்சியின் … மண்டலம், … வார்டில், … தெருவில் இயங்கும் நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகம் தொடர்பாக, 2022-23, 2023-24, 2024-25 ஆகிய நிதியாண்டுகளுக்குப் பின்வரும் ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. இக்காப்பகத்தை நடத்துவதற்காக மாநகராட்சிக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் இடையே ஏற்பட்ட புரிந்துணர்வு ஒப்பந்தமும், அதற்கு ஒப்புதல் அளித்த மன்றத் தீர்மானமும்.

2. நிறுவனத்துக்கு விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு தவணைத் தொகைக்கான செயல்முறை ஆணைகள்; ஒவ்வொரு தவணையும் எந்த நிதியிலிருந்து வழங்கப்பட்டது என்பதைக் காட்டும் பதிவு.

3. நிறுவனம் சமர்ப்பித்த பயன்பாட்டுச் சான்றிதழ்களும், அவற்றுடன் இணைக்கப்பட்ட தணிக்கை செய்யப்பட்ட வரவு-செலவு அறிக்கைகளும்.

4. தங்கியவர்களின் பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கி, ஒவ்வோர் இரவும் தங்கியவர்களின் எண்ணிக்கையை மட்டும் காட்டும் வருகைப் பதிவேட்டின் மாத வாரியான சுருக்கம்.

5. காப்பக மேலாண்மைக் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளும், அலுவலர்கள் மேற்கொண்ட ஆய்வுகளின் அறிக்கைகளும்.

6. காப்பகத்திலிருந்து மனநலச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் பதிவேட்டின் மாத வாரியான சுருக்கம்.

மேற்கண்ட பதிவேடுகளைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவின்கீழ் நேரில் பார்வையிடவும் நாளும் நேரமும் குறித்துத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் என்ற கணக்கில் சில நூறு பக்கங்களுக்குக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும்போது, நேரில் பார்வையிட்டுத் தேவையான பக்கங்களை மட்டும் நகலெடுத்துக்கொள்வது எளிது. பார்வையிடலின் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. கோப்பின் குறிப்புப் பக்கங்களில்தான் பல விஷயங்கள் வெளிப்படும் என்பது இத்தகைய ஆவணங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும்: நிறுவனம் எப்போது பணம் கேட்டது, கோப்பு எத்தனை மாதம் யாரிடம் இருந்தது, எந்தக் கேள்வி எழுப்பப்பட்டது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

மாவட்ட மனநலத் திட்டத்துக்கு இதே முறையில், ஒப்புதல் பதிவேட்டின் எண்களைக் குறிப்பிட்டு, ஒவ்வோர் எண்ணின்கீழும் ஒப்புதலான தொகை, மாவட்டத்துக்கு வந்த தொகை, செலவான தொகை, ஆண்டு முடிவில் மிஞ்சிய தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் பணியிடங்களில் அனுமதிக்கப்பட்டவை எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை என்பதை மாத வாரியாகக் கேளுங்கள். மருந்துச் செலவை இதில் தேடி ஏமாறாதீர்கள்: அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருத்துவமனையின் ஒதுக்கீட்டிலிருந்து பற்று வைக்கும் கணக்குப் புத்தகத்தில்தான் அது வரும். எந்தெந்த மனநல மருந்துகள் எத்தனை நாள் இருப்பில் இல்லை என்பதற்கு, மருத்துவமனையின் மருந்து இருப்புப் பதிவேட்டின் நகலைக் கேட்பதே சரியான வழி.

காவல் நிலையங்களுக்கும் ஒரு சிறு விண்ணப்பம் போடலாம். 100-ஆம் பிரிவின்கீழ் எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள் என்ற எண்ணிக்கையும், மீட்பு மையத்தில் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும், காப்பகம் அனுப்பியதாகச் சொல்லும் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்று பார்த்தாலே, பணம் போகும் பாதையில் மனிதர்கள் எங்கே நழுவுகிறார்கள் என்று புரியத் தொடங்கும்.

மறுப்புகளும் அவற்றுக்கான பதில்களும்

முப்பது நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால், அதன் பிறகு தரும் நகல்களுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. வரும் மறுப்புகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும்.

“இந்த ஆவணம் தொண்டு நிறுவனத்திடம்தான் உள்ளது” என்பது முதல் வகை. மாநகராட்சி தன் ஒப்பந்தத்தின்படி பெறக்கூடிய ஆவணமும் சட்டத்தின் 2(எஃப்) பிரிவின்கீழ் ‘தகவல்’தான் என்று வாதிடலாம், ஒப்பந்த நகலில் அறிக்கை தர வேண்டிய கடமை எங்கே எழுதப்பட்டிருக்கிறதோ அந்தப் பத்தியைச் சுட்டிக்காட்டினால் போதும். அரசின் கணிசமான நிதியில் இயங்கும் தொண்டு நிறுவனமே ‘பொது அதிகார அமைப்பு’ ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

“தனிநபர் தகவல்” என்பது இரண்டாவது வகை. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு இந்த விலக்கு முன்னைவிட விரிந்துவிட்டது. இத்திருத்தம் பொதுநலனுக்குச் செய்த தீங்கு பெரிது என்றே நினைக்கிறேன். ஆனால் நம் விண்ணப்பத்தில் பெயர்களை நீக்கி எண்ணிக்கையை மட்டும்தானே கேட்டிருக்கிறோம்? மறைக்க வேண்டிய பகுதியை மறைத்து மீதியைத் தர வேண்டும் என்ற 10-ஆம் பிரிவும், பொதுநலன் மேலோங்கும்போது விலக்கு பொருந்தாது என்ற 8(2)-ஆம் பிரிவும் அப்படியே இருக்கின்றன.

“கேட்ட வடிவில் தொகுக்கப்படவில்லை” என்பது மூன்றாவது. அலுவலர் நமக்காகப் புதிதாகத் தொகுத்துத் தரக் கடமைப்பட்டவர் அல்லர். இது நியாயமான பதில்தான். இருக்கும் வடிவிலேயே பதிவேட்டைப் பார்வையிடக் கேளுங்கள்.

முதல் மேல்முறையீட்டை, பதில் கிடைத்த நாளிலிருந்தோ கெடு முடிந்த நாளிலிருந்தோ 30 நாள்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. அதன் பின் 90 நாள்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகலாம். தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்க முடியும். ஆணையத்தில் விசாரணை வரக் காலம் பிடிக்கும் என்பதால், முதல் மேல்முறையீட்டைச் சடங்காக நினைக்காமல், மறுப்பின் ஒவ்வொரு வரிக்கும் பிரிவு எண்ணோடு பதில் எழுதுங்கள். கோப்புகள் பல அந்தக் கட்டத்திலேயே திறந்துவிடுகின்றன.

வந்த காகிதங்களைப் படிப்பது

முதலில் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது பெற்ற பணம் உரிய நோக்கத்துக்கே செலவானது என்று எழுதித் தரும் சான்று. இதை நம்பி ஏமாறுவது எளிது. மாநகராட்சி நிறுவனத்துக்குப் பணத்தை அனுப்பியதுமே, தன் கணக்கில் அதைச் ‘செலவு’ என்று எழுதி மேலே சான்றிதழ் அனுப்பிவிடக்கூடும். நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் அந்தப் பணம் மார்ச் 31 அன்று அப்படியே இருக்கலாம். ஆகவே சான்றிதழின் தேதியையும், நிறுவனத்தின் தணிக்கை அறிக்கையிலுள்ள இறுதி இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவணை விடுவித்த தேதிகளையும் கவனியுங்கள். ஆண்டின் கடைசி மாதத்தில் மொத்தத் தொகையும் வந்திருந்தால், பதினோரு மாதம் பராமரிப்பாளருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பதே அடுத்த கேள்வி. கடன் வாங்கி நடத்தும் நல்ல நிறுவனங்கள் ஓய்ந்து விலகுவதற்கும், தாக்குப்பிடிக்கும் வேறு வகை நிறுவனங்கள் அந்த இடத்தில் வந்து அமர்வதற்கும் இந்தத் தாமதம் ஒரு காரணம்.

அடுத்து வருகைச் சுருக்கம். 50 பேர் தங்கக்கூடிய ஒரு காப்பகம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் எல்லா இரவுகளிலும் 50 என்றே எழுதப்பட்டிருந்தால் ஐயப்பட வேண்டும். மனிதர்கள் வந்து போகும் இடத்தின் எண்ணிக்கை ஏறி இறங்கத்தான் செய்யும்: மழைக்காலத்தில் கூடும், ஊர்த் திருவிழா, தேர்தல் நாள்களில் குறையும். சென்னையில் என்றால், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் நகரம் மூழ்கிய இரவுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அன்றும் அதே 50 என்றால், அந்தப் பதிவேடு இரவில் எழுதப்பட்டதா, மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதப்பட்டதா என்று கேட்க இடமிருக்கிறது. மாறாக, எண்ணிக்கை 31, 44, 58 என்று அலைந்தால் அதைக் குறையாக எழுதிவிடாதீர்கள். நேர்மையான பதிவேட்டின் முகம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உணவுக்கான பற்றுச்சீட்டுகளை இந்த எண்ணிக்கையோடு பொருத்திப் பார்க்கலாம்.

மனநலத் திட்டத்தில் நிலைமை வேறு. அங்கே முதலில் தேட வேண்டியது செலவாகாமல் கிடக்கும் பணத்தை. மனநல மருத்துவர் பணியிடம் எட்டு மாதம் காலியாக இருந்தால், எட்டு மாதச் சம்பளம் மிஞ்சும். மருத்துவர் இல்லாததால் முகாம் நடக்காது, வாகனச் செலவும் மிஞ்சும். ஆண்டு முடிவில் “நிதி போதுமானதாக உள்ளது” என்ற தோற்றம் கிடைக்கும். செலவு குறைவு என்பதால் அடுத்த ஆண்டு ஒப்புதலும் குறையலாம். கையாடலைத் தேடுகிற கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது, ஏனெனில் இதில் யாரும் எதையும் எடுக்கவில்லை. எனினும் நோயாளிக்கு நேரும் இழப்பில் வித்தியாசமில்லை. பணியிட விவரத்தை மாத வாரியாகக் கேட்கச் சொன்னதன் காரணம் இதுதான்: மார்ச் 31 அன்று இருந்த நிலையை மட்டும் கேட்டால், மார்ச் 20 அன்று நிரப்பப்பட்ட இடமும் ‘நிரப்பப்பட்டது’ என்றே வரும்.

கண்டுபிடித்ததை எங்கே கொண்டுபோவது

முதலில் அதே அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்பி, விளக்கமளிக்க இரண்டு வாரம் கொடுங்கள்; பாதிக் குழப்பங்கள் கணக்குத் தலைப்பு மாறியதால் வந்தவையாக இருக்கும். அதன் பிறகு நகர்ப்புறங்களில் 2022 முதல் நடத்தப்படும் பகுதி சபைக் கூட்டத்தில், ஒரு பக்கக் குறிப்பாக, வார்டு உறுப்பினரிடம் கொடுத்துத் தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள். மாநகராட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கும் நகல் அனுப்பலாம். தணிக்கையாளருக்குக் குறிப்பான வவுச்சர் எண்ணும் தேதியும் கொடுத்தால் அவர் வேலை எளிதாகும். சமூக ஊடகத்தில் எழுதுவதானால், காப்பகத்தின் சரியான முகவரியையோ, தங்கியிருப்பவர்களை அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிடாதீர்கள். பெண்கள் காப்பகத்துக்கு இது இன்னும் பொருந்தும்.

காலத்தையும் பார்த்துச் செய்யுங்கள். துறைகள் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளையும் நடப்பாண்டின் திருத்த மதிப்பீட்டையும் வரவு-செலவுத் திட்டத்துக்குச் சில மாதங்கள் முன்பே தயாரித்து நிதித் துறைக்கு அனுப்பிவிடும். ஜூலையில் விண்ணப்பித்தால், ஒரு மேல்முறையீட்டைத் தாண்டியும் அதற்குள் காகிதங்கள் கைக்கு வந்துவிட வாய்ப்புண்டு. பணியிடக் காலி விவரத்தையும் மிஞ்சிய தொகையையும் ஒரு பக்கத்தில் சுருக்கி, மானியக் கோரிக்கை எண் 19, எண் 34 விவாதங்களுக்கு முன் உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.